சொந்தமாக இரட்டை எஞ்சின் விமானம்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு விமானங்களின் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்று, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள இந்த ஊருக்கு வந்தபிறகு ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்து சேர்வதற்குள் யாராவது இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். செம்பனைக் குத்தகையில் காசு பார்த்தவர், லோரி கம்பெனி வைத்திருப்பவர், மகன் விமானியாகிவிட்ட அப்பா என்று கேட்பவர்கள் பலவிதம். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரட்டை எஞ்சின் விமானம் என்ன விலை வரும்?

வயதைப் பொறுத்தது. 1970களில் வந்த பைப்பர் செனிகா 2 நல்ல நிலையில் இருந்தால் அமெரிக்கச் சந்தையில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அதே காலத்து பீச்கிராஃப்ட் பாரன் இன்னும் கூடுதல். புத்தம்புது டயமண்ட் டிஏ62 பத்து லட்சம் டாலருக்கு மேல். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நேரம் ஒதுக்குவதில்லை. பழைய செனிகாவை வாங்கும் அளவுக்குப் பணம் வைத்திருப்பவர் நம் ஊரில் பத்துப் பேராவது தேறுவார்கள். அதை வைத்துப் பராமரிக்கக் கூடியவர் எத்தனை பேர் என்பதுதான் பேச்சு.

சரி, வைத்திருக்க வருஷத்துக்கு என்ன ஆகும்?

செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் கட்ட வேண்டியது ஒன்று: ஹேங்கர் வாடகை, காப்புறுதி, வருடாந்திரச் சோதனை, பறக்கத் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கும் கட்டணம், வரைபடத் தரவுச் சந்தா, விமானி தன் கையைப் பழக்கத்தில் வைத்திருக்க ஆகும் பயிற்சி. பறந்தால் மட்டும் வருவது இன்னொன்று: எண்ணெய், டயர், தரையிறங்கும் கட்டணம், எஞ்சினுக்காக ஒதுக்கிவைக்கும் பணம்.

முதல் வகை வருஷத்துக்கு 1,20,000 வெள்ளி (ரிங்கிட்) என்று பேச்சுக்கு வைப்போம். வருஷத்தில் 40 மணி நேரம் பறக்கிறவருக்கு மணிக்கு 3,000 வெள்ளி அதிலேயே போய்விடுகிறது. 150 மணி நேரம் பறக்கிறவருக்கு 800 வெள்ளிதான். என் கண்ணில் படுகிற பெரும்பாலான தனியார் விமானங்கள் 40-ஐ ஒட்டித்தான் பறக்கின்றன. வாங்குகிற அன்று எல்லோரும் 150 என்றுதான் சொல்வார்கள்.

அடுத்து எஞ்சின் ஒதுக்கீடு. இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. செனிகா 2-இல் இருப்பது டர்போ (உயரத்து மெல்லிய காற்றிலும் சக்தி குறையாதபடி காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) வைத்த கான்டினென்டல் எஞ்சின். 1,800 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார் தயாரிப்பாளர். இன்றைய நிலையில் ஒரு எஞ்சினுக்கு 50,000 டாலரைத் தாண்டிவிடும். 54,000 என்று வைத்தால் மணிக்கு 30 டாலர், இரண்டு எஞ்சினுக்கு 60 டாலர். ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் அந்தப் பணம் தனிக் கணக்கில் போய் உட்கார வேண்டும். புரொப்பெல்லருக்கும் மணிக்கணக்கும் வருடக்கணக்கும் தனியாக உண்டு. நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது வருடக்கணக்கைத்தான். மணி ஏறாமலே காலம் ஏறிவிடும்.

இந்த ஒதுக்கீட்டைச் செய்யாதவர் விற்கும்போது மாட்டிக்கொள்வார். 1,700 மணி ஓடிய இரண்டு எஞ்சினோடு விற்பனைக்கு வரும் விமானத்தைப் பார்க்கிறவர், புதுப்பிக்க ஆகும் முழுத்தொகையையும் கழித்துவிட்டுத்தான் விலையே பேசுவார்.

இன்னொரு வேடிக்கை. செனிகா போன்ற விமானங்களில் எண்ணெய் எரித்துச் சூடேற்றும் ஹீட்டர் ஒன்று உண்டு. நம் வெயிலில் எவரும் அதைத் தொடுவதில்லை. ஆனாலும் அதற்கென்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கட்டாயச் சோதனை உத்தரவு இருக்கிறது. ஒன்று காலாகாலத்தில் சோதிக்க வேண்டும், இல்லை முறைப்படி செயலிழக்கச் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து ஹீட்டருக்குச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு எஞ்சின் நின்றாலும் இன்னொன்று இருக்கிறதே, பாதுகாப்புதானே?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் இரட்டை எஞ்சின் கேட்பதே இந்த நம்பிக்கையில்தான்.

ஒரு எஞ்சின் நின்றால் சக்தி பாதி போகிறது. ஏறும் திறனோ பாதி அல்ல, சுமார் 80 விழுக்காடு போய்விடுகிறது. காரணம் எளிது. விமானத்தை மட்டமாகப் பறக்கவைக்கவே கணிசமான சக்தி தேவை. அதற்குமேல் மிஞ்சுகிற சக்தியில்தான் விமானம் மேலே ஏறுகிறது. சக்தியில் பாதி போனால் மட்டமாகப் பறக்க வேண்டியது அப்படியே இருக்கும், மிச்சம்தான் காணாமல் போகும்.

இதோடு நம் ஊர் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் 34 டிகிரி என்றால் காற்று அடர்த்தி குறைந்து, கடல்மட்டத்தை ஒட்டிய ஓடுபாதையிலேயே விமானம் 2,000 அடிக்கு மேல் உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் பைப்பர் செமினோல் ஒற்றை எஞ்சினில் தாங்கக்கூடிய உச்ச உயரம், தயாரிப்பாளர் கணக்குப்படியே, 3,800 அடி. அதுவும் சூடில்லாத நிலையான வானிலைக்குப் போட்ட கணக்கு. நமக்குக் கிழக்கே நிற்கும் கொர்பு மலை 7,162 அடி. தித்திவங்சா மலைத்தொடருக்கு மேலே செமினோலில் ஒரு எஞ்சின் நின்றால் இன்னொரு எஞ்சின் உங்களைக் காப்பாற்றாது. கீழே இறங்கும் வேகத்தைக் குறைத்து, இடம் தேட கொஞ்சம் நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். டர்போ உள்ள செனிகா 2 இந்த விஷயத்தில் பெரிதும் மேல். மலைதாண்டிப் போகிறவர் டர்போ இல்லாததை வாங்குவது எனக்குப் புரியாத காரியம்.

அடுத்தது, நின்ற எஞ்சின் சும்மா நிற்பதில்லை. ஓடுகிற பக்கம் இழுக்க, நின்ற பக்கத்துப் புரொப்பெல்லர் காற்றைத் தடுக்க, விமானம் ஒரு பக்கமாகத் திரும்பும். வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்த வேகத்துக்குக் கீழே போனால் எவ்வளவு காலால் மிதித்தாலும் விமானத்தை நேராக வைக்க முடியாது, புரண்டுவிடும். அதற்கு மேலே ஒரு நீலக் கோடு. ஒற்றை எஞ்சினில் நன்றாக ஏற அந்த வேகம்தான் வேண்டும். கிளம்பிய சில நொடியில் எஞ்சின் நின்றால் விமானி எந்த எஞ்சின் நின்றது என்று சரியாகக் கண்டுபிடித்து, சக்கரத்தை உள்ளே இழுத்து, அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, மூக்கைத் தாழ்த்தி நீலக் கோட்டைப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் ஓடுகிற எஞ்சினை அணைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. நின்றால் மூக்கைத் தாழ்த்தி முன்னால் இறங்க வேண்டியதுதான்.

இரண்டும் ஒன்றாக நிற்காது என்று யாராவது அடித்துச் சொன்னால் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் 2007-இல் நடந்ததைச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கிப்போன டயமண்ட் டிஏ42 ஒன்றை வெளி மின்சாரத்தில் கிளப்பிப் பறந்தார்கள். மேலே எழும்பியதும் சக்கரத்தை உள்ளிழுத்தார்கள். அந்த மோட்டார் இழுத்த மின்சாரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து, இரண்டு எஞ்சினையும் நடத்துகிற கணினிகள் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டன. இரண்டு புரொப்பெல்லரும் நின்றன. அதற்குப் பிறகு அந்த ரகத்தில் கணினிக்குத் தனிப் பேட்டரி வைத்தார்கள்.

2023 ஆகஸ்ட் 17-இல் எல்மினாவில் விழுந்த விமானத்தையும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் இரண்டு ஜெட் எஞ்சின் கொண்டதுதான். சுபாங்கில் இறங்க வந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் சாலையில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். விசாரணை எஞ்சினைக் கைகாட்டவில்லை. தரையில் மட்டுமே விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள் வானிலேயே விரிந்ததைத்தான் காட்டியது.

அப்படியானால் இரண்டாவது எஞ்சினால் பயனே இல்லையா? இருக்கிறது. கடல் தாண்டும்போது, இரவில், மேகத்துக்குள், போதிய உயரத்தில் இருக்கும்போது, பழக்கம் விடாத விமானியின் கையில் அது பெரிய பலம். ஈப்போவிலிருந்து மேடானுக்கு மலாக்கா நீரிணைமேல் போகிறவர் இரட்டை எஞ்சின் கேட்டால் நான் தலையாட்டுவேன். வருஷத்தில் நான்கைந்து தடவை மட்டும் கையில் எடுக்கிறவருக்கு அது இன்னொரு ஆபத்து என்றே சொல்வேன்.

எண்ணெய் எங்கே கிடைக்கும்?

பழைய பிஸ்டன் விமானம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். செனிகா, பாரன், செஸ்னா 310 எல்லாம் அவ்காஸ் (விமானத்துக்கான பெட்ரோல்) குடிப்பவை. ஜெட் எஞ்சின்கள் குடிக்கும் ஜெட் ஏ-1 பெரிய விமான நிலையங்களில் தாராளமாகக் கிடைக்கும். அவ்காஸ் அப்படியல்ல. பயிற்சிப் பள்ளியோ பறக்கும் கிளப்போ உள்ள இடத்தில்தான் நம்பிப் போகலாம். மற்ற இடத்தில் பீப்பாயில் வரவழைக்க வேண்டியிருக்கும். போகும் ஊரில் இல்லையென்றால் திரும்பி வரவும் சேர்த்து இங்கேயே நிரப்ப வேண்டும். அதற்கு ஏற்ப ஆள் குறையும்.

அதோடு அவ்காஸில் ஈயம் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஈயச் சேர்மத்துக்கு 2025 மே 1 முதல் தனி அனுமதி கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்காவில் 2030-க்குள் ஈயமில்லா எண்ணெய்க்கு மாற வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அவ்காஸ் சின்னச் சந்தை. நம் பக்கம் விலை இறங்கும் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம்.

செனிகா 2 பயணத்தில் மணிக்கு 85 லிட்டர், 90 லிட்டர் குடிக்கும். ஜெட் ஏ-1-இல் ஓடும் டிஏ42, இரண்டு டீசல் எஞ்சினுக்கும் சேர்த்து 40 முதல் 50 லிட்டரில் முடித்துவிடும். இதனால்தான் வாங்கும் விலை கூடினாலும் டீசலைப் பாருங்கள் என்கிறேன். ஒரு எச்சரிக்கை: ஆரம்பகால டிஏ42-இல் இருந்தது டீலர்ட் எஞ்சின். அந்த ஜெர்மானிய நிறுவனம் 2008-இல் நொடித்துப்போனபோது உதிரிப்பாகத்துக்கும் உத்தரவாதத்துக்கும் உரிமையாளர்கள் அல்லாடினார்கள். பின்னால் வந்த ஆஸ்ட்ரோ எஞ்சின் பொருத்தியதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் எஸ்டேட்டிலேயே ஓடுபாதை போட்டுக்கொள்ளலாமா?

ஒரு காலத்தில் பெரிய எஸ்டேட்டுகளில் செம்மண் ஓடுபாதை இருந்தது உண்மை. இப்போது நினைத்த இடத்தில் இறங்க முடியாது. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், நில உபயோக அனுமதி வேண்டும். முதிர்ந்த செம்பனை மரம் ஓடுபாதையின் இரண்டு முனையிலும் சுவர்போல் நிற்கும். வெட்டினால் குலை வருமானம் போகும். மழைக்குப் பிறகு அந்தச் செம்மண்ணில் லோரியே புதையும். ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் காடியில் போகிற தூரம்தான். அங்கேயே வையுங்கள்.

வைக்கும்போது கூரைக்குள் வையுங்கள். வெளியில் நிறுத்தினால் வாடகை மிச்சம், ஆனால் வெயில் கண்ணாடியையும் ரப்பர் சீலையும் தின்றுவிடும். இறக்கையின் முன்விளிம்பில் பனிநீக்கும் ரப்பர் உறை உள்ள விமானம் என்று விளம்பரத்தில் போட்டு அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். நம் வானத்தில் நீர் உறையும் உயரம் 15,000 அடிக்கு மேலேதான். அந்த உறைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

குறைவாகப் பறந்தால் எஞ்சின் தேய்மானம் குறையுமே?

நேர்மாறு. இன்னொரு ரகமான லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கிராங்குத் தண்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் மசகெண்ணெய் வடிந்து கீழே போய்விடும். நம் ஈரக்காற்றில் இரண்டு மூன்று மாதம் சும்மா நின்ற எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்க வேண்டிய கேம் மேட்டில் காப்பித்தூள் தூவியதுபோல் துரு. அப்படியே கிளப்பினால் அந்தத் துரு அரம்போல் தேய்க்கும். சில நூறு மணி நேரத்தில் எண்ணெய் வடிகட்டியை வெட்டினால் மடிப்புக்குள் இரும்புத்தூள் மினுங்கும். கான்டினென்டலில் கேம் தண்டு கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. சிலிண்டர் சுவர் துருப்பிடிப்பது அதிலும் உண்டு.

தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது இன்னும் கெடுதல். மசகெண்ணெய் சூடேறி ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்கு ஓடாது, எரிதலில் உண்டான ஈரம் உள்ளேயே தங்கும். வானில் முக்கால் மணி நேரமாவது பறக்க வேண்டும், அதுவும் அடிக்கடி. இரண்டு எஞ்சினுக்கும்.

குளவியை மறந்துவிடாதீர்கள். வேகம் அளக்கும் குழாயின் வாயை மூடாமல் விட்டால் ஓரிரு நாளில் மண் வைத்து அடைத்துவிடும். அதை அறியாமல் கிளம்பினால் வேகமானி பொய் சொல்லும். எஞ்சின் உறைக்குள் மைனா கூடுகட்டும். காலையில் காய்ந்த புல் ஒரு துண்டு உறையின் வாயில் தெரிந்தால் உறையைத் திறக்காமல் கிளம்பக்கூடாது.

கோலாலம்பூருக்குச் சீக்கிரம் போகலாமே?

போக முடியாது. ஈப்போவுக்கு 40 நிமிடம், விமானத்தைச் சோதித்து எண்ணெய் பார்த்துப் பறப்புத் திட்டம் கொடுத்துக் கிளம்ப ஒரு மணி நேரம், சுபாங் வரை 45 நிமிடம், இறங்கி நிறுத்தி வாடகைக் காடி பிடித்து ஊருக்குள் போக ஒரு மணி நேரம். நெடுஞ்சாலையில் போகிறவர் அதற்குள் போய்ச் சாப்பிட்டே முடித்திருப்பார். ரயிலும் இருக்கிறது.

லாபம் தெரிவது மலைக்கு அந்தப் பக்கம்தான். கோத்தா பாருவுக்குக் கிரீக் ஊர் வழியாக வளைந்து வளைந்து போகும் தூரம் நேர்க்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். கோலா திரங்கானு, மேடான் எல்லாம் அந்தமாதிரித்தான். ஆனால் பிற்பகல் இடிமழை மலைமேல் திரண்டுவிட்டால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் கூட்டம் இருக்கிறவருக்குச் சொந்த விமானம் சரிவராது.

ஆறு இருக்கை என்கிறார்களே, குடும்பத்தோடு போகலாமா?

ஆறு பெரியவர்களை ஏற்றி டேங்கையும் நிரப்பினால் செனிகாவின் எடை வரம்பு பெரும்பாலும் தாண்டிவிடும். நான்கு பேர், பெட்டி, போதிய எண்ணெய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போய்ப் பலகாரத்தோடு திரும்புவதாக இருந்தால் மூன்று பேர்.

என்ன லைசன்ஸ் வேண்டும்?

தனியார் விமானி லைசன்ஸ், அதோடு பல எஞ்சின் தகுதி, மருத்துவச் சான்று. நம் வானிலைக்குக் கருவி பார்த்துப் பறக்கும் தகுதியும் இல்லாமல் இரட்டை எஞ்சின் வாங்குவது வீண். பாதிப் பயணம் ரத்தாகும். காப்புறுதிக்காரர் சட்டம் கேட்பதற்குமேல் மணிநேர அனுபவம் கேட்பார். விமானம் வாங்கும் முன்னாலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.

சும்மா நிற்கும்போது ஆள் ஏற்றிக் காசு பார்க்கலாமா?

கூடாது. தனியார் லைசன்ஸில் கட்டணம் வாங்கிப் பறக்க முடியாது. வணிகமாகச் செய்ய ஆணையத்தின் தனி அனுமதி, வணிக விமானி, வேறு காப்புறுதி எல்லாம் வேண்டும். கட்டணம் வாங்கியது தெரிந்தால் விபத்தின்போது காப்புறுதி கைவிரித்துவிடும்.

நான்கு பேர் சேர்ந்து வாங்கினால்?

எனக்குப் பிடித்த வழி இதுதான். சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதும் அல்ல. எஸ்டேட்டுகள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டியவர்கள் மாதத் தவணையில் பங்கு வாங்கித்தான் எஸ்டேட்டுகளையே வாங்கினார்கள்.

நிலையான செலவு நான்காகப் பிரியும், விமானமும் அடிக்கடி பறக்கும். முன்னே சொன்ன துருவுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் சிலவற்றை எழுதிக்கொள்ளாமல் சேராதீர்கள். எஞ்சின் ஒதுக்கீடு மணிக்கணக்கில் யார் எவ்வளவு போடுவது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு யார் வாங்குவது, தரையிறங்கும்போது சேதப்படுத்தியவர் காப்புறுதி ஏற்காத தொகையைக் கட்டுவாரா, பொங்கல் விடுமுறையில் யாருக்கு முன்னுரிமை. மச்சான்கள் மட்டுமாகச் சேர்ந்தால் இன்னும் கறாராக எழுதுங்கள்.

ஒற்றை எஞ்சின் போதும் என்கிறீர்களா?

நிறையப் பேருக்குப் போதும். சிரஸ் எஸ்ஆர்22-இல் முழு விமானத்தையும் இறக்கும் பாராசூட்டே இருக்கிறது. பராமரிப்பில் ஒரு எஞ்சின் செலவுதான். இரவிலும் கடல்மேலும் அடிக்கடி போகாதவர், வருஷத்துக்கு 100 மணி நேரத்தைத் தொடாதவர், அதைப் பார்க்கட்டும். அல்லது கிளப்பில் வாடகைக்கு எடுத்துப் பறக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதாகவே முடிவு. முதலில் எதைப் பார்ப்பது?

பெயின்டைப் பார்க்காதீர்கள், பதிவேட்டைப் பாருங்கள். முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் விலையில் பெரிய துண்டைக் கழியுங்கள். கடைசி ஐந்து வருஷத்தில் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தது என்று கூட்டிப் பாருங்கள். 1,800-இல் 600 மணிதான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார். அது இருபது வருஷத்து 600 மணியாக இருந்தால் இரண்டு எஞ்சினையும் பிரிக்க வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பொறியாளரை வைத்துச் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பாருங்கள். எண்ணெய் வடிகட்டியை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். இறக்கைத் தண்டின் அடியிலும் சக்கரக் குழியிலும் டார்ச் அடித்து துருவைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் பறந்தே வருமா, இறக்கையைக் கழற்றிக் கப்பலில் வருமா என்று பேசி, சுங்க முகவரிடமும் ஆணையத்திடமும் மலேசியாவின் 9எம் விமானப் பதிவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். முன்பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் இருதரப்புக்கும் பொதுவான காப்புக் கணக்கில் போடுங்கள். சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.